நின்றவள் உட்கார்ந்த ஞாயிறு

கரடி விடுதியில் புர்கி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பாதிரியார் சிரித்துப் பார்த்தவர்கள் உண்டு, மேயர் கை நீட்டிக் காசு கொடுத்துப் பார்த்தவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் உண்டு. புர்கி உட்கார்ந்து பார்த்தவர்கள் மட்டும் இல்லை. சாப்பிடுவதையும் சமையலறைக் கதவோரம் நின்றபடியேதான் சாப்பிடுவாள். ஒரு கையில் ரொட்டி இருக்கும், கண் வெளியே மரத்தடியில் மேஜை போட்ட பீர்த் தோட்டத்தில் இருக்கும்.

நோட்புர்கா ஹாஸ்ல்பெக் என்ற முழுப்பெயர் ஞானஸ்நான ஏட்டிலும் சம்பளச் சீட்டிலும் இருந்ததோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் புர்கி. காட்டுப் பக்கத்துப் பண்ணையிலிருந்து உருளைக்கிழங்கு உரிக்க வந்த பெண் அவள். ஒரு கோடையில் பரிமாறுகிற ஆள் வராமல் போக, அப்போது விடுதியை நடத்திய அஃப்ராவின் அப்பா இவள் கையில் நாலு பீர்க் குவளையைத் திணித்துத் தோட்டத்துக்குத் தள்ளிவிட்டார். ஒரு குவளை ஒரு லிட்டர், கண்ணாடிக் கனம் தனி. அந்தக் கோடை முடிவதற்குள் பத்துக் குவளைகளை இரண்டு கைகளிலும் கோத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சரளைக்கல் மேல் ஓடப் பழகிவிட்டாள். பீர் கம்பெனி வண்டி ஓட்டிய ஹாஸ்ல்பெக்கைக் கட்டிக்கொண்டாள். அந்த மனுஷன் வண்டியை ஓட்டிய வேகத்திலேயே வாழ்க்கையையும் ஓட்டி முடித்துவிட்டார். மகன் பென்னோ விடுதியின் பின்னறையில் வீட்டுப்பாடம் எழுதி, பெரியவனாகி, ஹனோவருக்கு வேலைக்குப் போனான். தெற்கே முனிக் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்க் கணக்கில் வடக்கத்தி ஹனோவர் வேறு தேசம். அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் பிரஷ்யாக்காரர்கள், நல்லவர்களாகவே இருந்தாலும்.

முப்பது வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. போன இலையுதிர் காலத்தில் புர்கியின் வலது மணிக்கட்டு அவளைக் கைவிட்டது. நல்ல கூட்டம் இருந்த ஒரு மத்தியானம், கையில் இருந்த குவளைகள் அத்தனையும் மூன்றாவது கஷ்கொட்டை மரத்தடியில் சரளையில் விழுந்து நொறுங்கின. கண்ணாடி உடைந்தால் கை தட்டிக் கூச்சல் போடுவது தோட்டத்து வழக்கம். அன்றும் நானூறு பேர் எழுந்து கை தட்டினார்கள். புர்கியும் சிரித்துக்கொண்டே குனிந்து கும்பிடு போட்டாள். உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்தபோதுதான் விரல்கள் அதன் கட்டையைப் பிடிக்க மறுத்தன. இனி முடியாது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் புர்கி வேலையை விட்டபோது விடுதிக்காரி அஃப்ரா பூங்கொத்தும், குவளைகளோடு புர்கி ஓடுகிற பழைய படம் ஒன்றைச் சட்டம் போட்டும் கொடுத்தாள். அஃப்ராவும் புர்கியும் ஒரே வயது. ஒரே அடுப்படியில் ஒருவரையொருவர் கரித்துக்கொட்டியே வளர்ந்தவர்கள்.

"எப்ப வேணா வாடி. உனக்கு இல்லாத இடமா?" என்றாள் அஃப்ரா.

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் இறைச்சிக்கடை மாடியில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிய புர்கி அந்தப் பேச்சையே திரும்பத் திரும்ப நினைத்தாள். எந்த இடம்? சமையலறைக் கதவுக்கும் மரத்தடிக்கும் நடுவே இருந்த வழிதான் அவள் இடம். அங்கே நாற்காலி போட முடியாது.

குளிர்காலம் நீளமாக இருந்தது. தெருவில் பார்த்தவர்கள் நின்று பேசினார்கள். "கை எப்படி இருக்கு புர்கி?" என்பார்கள். "இருக்கு" என்பாள். அதற்கு மேல் அவர்களுக்கும் பேச்சு ஓடாது, இவளுக்கும் ஓடாது. ஊரில் ஆயிரம் பேரைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். யாருக்குக் கருப்பு பீர், யாருக்கு எலுமிச்சை சோடா கலந்தது, யாருக்கு ரொட்டியில் உப்பு ஆகாது என்பதெல்லாம் தெரியும்தான். ஆனால் பீர் கொண்டு வராத புர்கியை யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வி வந்த இரவு அவள் அழுதாள். விஷயம் சின்னதில்லை, அதனால் அழுகையும் சின்னதாக இல்லை.

பென்னோ தங்கமான பிள்ளை. வாராவாரம் போன் பண்ணுவான்.

"அம்மா, இங்க ஒரு ரூம் காலியா கெடக்கு. தனிக் கதவு இருக்கு, லிஃப்ட் இருக்கு. பசங்களும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. எதுக்கு அங்க தனியா சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்க?"

"யோசிக்கிறேன்டா."

"நாலு மாசமா யோசிக்கிற. வீட்டுக்காரரு அந்த ரூமையும் சேத்து எடுத்துக்கிறீங்களா இல்லையான்னு நெருக்குறாரு. திங்கக்கிழமை நான் சொல்லியாகணும்."

"இந்த ஞாயிறு தோட்டம் திறக்குறாங்க. அன்னைக்கு சாயங்காலம் சொல்றேன்."

"தோட்டத்துக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இருக்கு. ஆறு மணிக்குக் கூப்பிடு."

சம்பந்தம் இதுதான். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற எல்லோரையும் போல அந்தத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பது. மனது உட்கார்ந்தால் ஊரிலேயே இருப்பது, உட்காராவிட்டால் வடக்கே போய்விடுவது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

*

மே மாதத்து உறைபனி நாட்கள் இன்னும் கழியவில்லை. ஆனாலும் அஃப்ரா வானத்தைப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, பெஞ்சுகளைப் போடச் சொல்லிவிட்டாள். கஷ்கொட்டை மரங்கள் வெள்ளைப் பூ விட்டிருந்தன. பூசை முடிந்த மணி அடித்ததும் பாதி ஊர் தோட்டத்துக்குள் வந்தது.

புர்கி கூடையோடு வந்தாள். விரிப்பு போட்ட மேஜைகளில் உட்கார்ந்தால் பரிமாறுவார்கள், விடுதிச் சாப்பாடு. விரிப்பில்லாத மேஜைகளில் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு வந்து சாப்பிடலாம், பீரை மட்டும் வாங்கினால் போதும். தாத்தா காலத்து உரிமை அது, அதில் கை வைத்தால் எங்கள் ஊரில் புரட்சி வரும். புர்கியின் கூடையில் சுருள் சுருளாக வெட்டி உப்பிட்ட வெள்ளை முள்ளங்கி, கம்பு நிறத்து ரொட்டி, வெண்ணெயும் வெங்காயமும் போட்டுப் பிசைந்த பாலாடைக்கட்டி, கட்டம் போட்ட துணி எல்லாம் இருந்தன. மற்றவர்கள் விரித்து வைத்ததை வாழ்நாளெல்லாம் பார்த்து எச்சில் விழுங்கியவள், தனக்காக விரிக்கப்போவது இதுதான் முதல் தடவை. இடுப்பில் தோல் பணப்பை இல்லாமல் அந்தப் பக்கம் லேசாகி, நடையே கோணலாக இருந்தது.

விரிப்பில்லாத மேஜை ஒன்றில் முனிக்கிலிருந்து வந்த குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் இடம் இருந்தது. அறிமுகம் இல்லாதவர்கள் பக்கத்தில் உட்காருவதற்கு ஒரே ஒரு கேள்வி போதும், இங்கே இடம் இருக்கா என்று. அந்தக் கேள்வியை லட்சம் தடவை காதால் கேட்டிருக்கிறாள். வாயால் கேட்க வரவில்லை. கூடையோடு நின்றாள்.

அந்தக் குடும்பத்து அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நல்லவேளை வந்தீங்க. மேஜை பிசுபிசுன்னு இருக்கு, கொஞ்சம் தொடச்சு விட்டுடுறீங்களா?"

புர்கி கூடையை வைத்துவிட்டு, கட்டம் போட்ட துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது. சரி போகட்டும் என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று, இது என்ன ஊர், வேலைக்காரர்களே பக்கத்தில் உட்காருகிறார்களே என்பது போல.

முள்ளங்கியில் ஒரு சுருளை வாயில் போட்டிருப்பாள். பின்மேஜையிலிருந்து யாரோ, "புர்கி, இங்க ரெண்டு" என்றார்கள். எழுந்துவிட்டாள். கால் தானாக எழுந்தது, அவளைக் கேட்கவே இல்லை. நாலடி நடந்து, நின்று, திரும்பி வந்து உட்கார்ந்தாள். கூப்பிட்டவருக்கும் பழக்கதோஷம். "அய்யோ, மறந்துட்டேன், மன்னிச்சுக்க" என்று அவர் சொன்னதில் நாலு மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் முனிக் குடும்பத்துத் தலைவர் காலிக் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னொன்னு கொண்டு வாங்க. பிள்ளைங்களுக்கு ரெண்டு பிரெட்சலும்."

நான் இங்கே வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் அவளுக்கு வரவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பட்டது. இடது கையில் குவளையைத் தூக்கிக்கொண்டு போய், பீப்பாய்க்காரரிடம் வரிசையில் நின்று, நிரப்பி, முடிச்சுப் போட்ட உப்பு ரொட்டியான பிரெட்சலும் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் அவள் இடத்தில் யாரோ ஒரு தொப்பிக்காரர். கூடையை மேஜைக் கோடிக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

"இங்க யாரும் இல்லைன்னு சொன்னாங்களே" என்றார் தொப்பிக்காரர்.

"ஆமா. யாரும் இல்ல. நல்லா உக்காருங்க" என்றாள் புர்கி.

குவளையை வைத்தாள், கூடையை எடுத்தாள். முடிவு கிடைத்துவிட்டது. ஆறு மணிவரை காத்திருக்கவும் வேண்டாம், வீட்டுக்குப் போனதும் தானே பென்னோவைக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிடலாம். அழுகை வரவில்லை. வாசலைப் பார்த்து நடந்தாள்.

*

வாசலுக்குப் போகும் வழி மூன்றாவது மரத்தடியைச் சுற்றித்தான் போகிறது. அங்கேதான் நிரந்தர மேஜை. இரும்பில் அடித்த சின்னக் கரடி ஒன்று அதன் நடுவில் நிற்கும். கரடி நிற்கிற மேஜையில் வெளியாள் உட்காருவதில்லை. மேயரே ஆனாலும் கூப்பிட்டால்தான் உட்காரலாம். அவரை இதுவரை கூப்பிட்டதில்லை.

மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த கொர்பீனியன், தபால் கொடுத்து ஓய்ந்த இக்னாட்ஸ், கோவில் மணி அடிக்கிற குவிரின், முடி திருத்துகிற பிளாசியுஸ் என்று நாலு பேர் மேஜை அது. நாலு பேர் ஆடுகிற சீட்டாட்டம்தான் அவர்கள் மதம், பூசையெல்லாம் அதற்கு அப்புறம். பிப்ரவரியில் பிளாசியுஸ் போய்ச் சேர்ந்தார். மரத்தை ஒட்டிய பெஞ்சின் கோடியில் அவர் போட்டுக்கொள்ளும் பச்சை மெத்தை மட்டும் மிச்சம். மூன்று பேரும் சின்னச் சீட்டுகளை எடுத்துவிட்டு மூவர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அது ஆட்டமில்லை என்று மூவருக்குமே தெரியும். ஆனால் வாயைத் திறந்து இன்னொருவரை வா என்று கூப்பிட மூவருக்குமே வராது. பிளாசிக்குப் பதில் ஆள் பார்த்ததாக ஆகிவிடுமே.

அந்த மேஜையில் ஒரு சட்டம் உண்டு. நிற்கிறவர் பார்க்கலாம், பேசக்கூடாது. பேசினால் உட்கார்ந்து ஆடியாக வேண்டும். ஒரு தடவை மாட்டு வியாபாரி ஒருவன் பின்னால் நின்றுகொண்டு யோசனை சொல்லப் போக, பிளாசி அவனைப் பிடித்து உட்காரவைத்துச் சாயங்காலம்வரை ஆடவைத்து அனுப்பினார். அந்த ஆள் அப்புறம் எங்கள் ஊர்ச் சந்தைக்கே வரவில்லை.

புர்கியைப் போல அந்தச் சட்டத்தைக் காத்தவர் கிடையாது. குவளை வைக்க, தட்டெடுக்க என்று மேஜையைச் சுற்றி வரும்போது நாலு பேர் கைச்சீட்டும் அவள் கண்ணில் படும். யார் தோற்கப்போகிறார், யார் மடத்தனம் செய்யப்போகிறார் என்று ஆட்டம் பாதியில் இருக்கும்போதே தெரியும். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. மறுநாள் பிளாசி வந்து, "நீ பாத்தல்ல, நேத்து நான் அந்த மணிச் சீட்ட எறக்கியிருக்கணுமா?" என்று கெஞ்சினால், "சாசேஜா, ரோஸ்டா?" என்று கேட்பாள்.

இன்று அவள் கூடையோடு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தாள். கண் பழக்கப்படி கீழே போயிற்று. கொர்பீனியன் தனியாளாக மற்ற இருவரையும் எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கையிலோ எல்லாத் துருப்பையும் வெட்டுகிற ஓக் கொட்டைத் தளபதி, கிழவன் என்று எல்லோரும் சொல்கிற சீட்டு, ஓரத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அவர் எப்போதும் அப்படித்தான். கிழவனைக் கடைசிவரை கொடுக்க மனம் வராது. முப்பது வருஷமாகக் கிழவனைக் கட்டிக்கொண்டு தோற்றுக்கொண்டிருக்கிற மனிதர். இப்போதும் அதைத் தாண்டி ஒரு சின்னச் சீட்டின் மேல் விரலை வைத்தார்.

"அந்தக் கிழவன வெச்சுக்கிட்டு என்னத்தய்யா பண்ற? அடைகாக்குறியா?" என்றாள் புர்கி.

சொன்ன பிறகுதான் தன் குரல் என்று தெரிந்தது.

இக்னாட்ஸ் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். குவிரினும் வைத்தார். கிழவன் யாரிடம் என்று தெரிந்துபோன பிறகு ஆட்டம் ஏது? கொர்பீனியன் மெதுவாகத் திரும்பினார். கழுத்து காதுவரை சிவந்திருந்தது.

"முப்பது வருஷமா வாயத் தொறக்காதவ, இன்னைக்குத்தான் தொறக்கணுமா?"

"தெரியாம வந்துடுச்சு, கொர்பி."

"தெரியாம வந்துடுச்சாம். எனக்கு வர்ற ஆட்டம் இது. பூசையில நேந்துக்கிட்டு வந்த ஆட்டம்."

"நீ தோத்துக்கிட்டுத்தான்டா இருந்த" என்றார் இக்னாட்ஸ்.

"தோக்குறதும் என் கையால தோக்கணும்டா. இவ சொல்லியா தோக்கணும்?"

"சரி, சட்டம்னு ஒண்ணு இருக்கு" என்றார் குவிரின். சாந்தமான மனிதர், மணி அடிக்கும் கயிற்றைக்கூடத் தடவித்தான் இழுப்பார். "பேசினவங்க உக்காரணும். பிளாசி போட்ட சட்டம்."

"அது வெளியாளுக்குப் போட்டது."

"இவ யாரு, உள்ளாளா? அப்படின்னா சொல்லு, இவ்வளவு நாள் ஏன் நிக்கவெச்சோம்?"

வயதான ஆண்கள் மூன்று பேர் ஒரு பச்சை மெத்தையைப் பார்க்காமலிருக்கப் படாத பாடு பட்டார்கள். புர்கி போய்விடலாமென்று காலை எடுத்தாள். வாசல் பத்தடியில்தான் இருந்தது.

பக்கத்தில் காலித் தட்டுகளோடு போய்க்கொண்டிருந்த அஃப்ரா நின்றாள். அவளுக்கு எந்தப் பேச்சும் காதில் விழாமல் போகாது.

"மூணும் முட்டை போடாத கோழி மாதிரி பிப்ரவரியிலேருந்து உக்காந்திருக்கு. இப்ப நாலாவதா ஒண்ணு தானா வந்து கொத்துது, அதையும் வெரட்டுங்க. அடுத்த வாரம் நானே இந்தக் கரடிய எடுத்துக் கிடங்குல போட்டுடுறேன்."

கொர்பீனியன் பச்சை மெத்தையை எடுத்தார். தட்டினார். பூவிதழ்கள் பறந்தன. திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"உக்காரு. சட்டம்னா சட்டம்" என்றார், அவளைப் பார்க்காமல்.

புர்கி உட்கார்ந்தாள்.

*

குவிரின் எட்டுச் சீட்டுகள் கொடுத்தார். புர்கி இடது கையில் விரித்துப் பிடித்தாள். பிடித்ததும் ஒரு திகைப்பு. எட்டே எட்டுச் சீட்டு. மற்றவர்களிடம் இருப்பது முதுகுகள் மட்டும். முப்பது வருஷமாக இந்த ஆட்டத்தில் தனக்குத் தெரியாத ரகசியம் இல்லை என்று இருந்தவளுக்கு, உட்கார்ந்த உடனே ஒன்றுமே தெரியாமல் போயிற்று.

"இலைப் பன்றிய கூப்பிடுறேன்" என்றார் கொர்பீனியன்.

பன்றி என்றால் எங்கள் ஊர்ச் சீட்டில் ஏஸ். இலை ஏஸ் யாரிடம் இருக்கிறதோ அவர் இந்த ஆட்டத்துக்குக் கொர்பீனியனின் கூட்டாளி. அந்தச் சீட்டு கீழே விழும்வரை கூட்டாளி தன்னைக் காட்டிக்கொள்ள மாட்டார். புர்கியிடம் அது இல்லை. அப்படியானால் இக்னாட்ஸிடமோ குவிரினிடமோ இருக்க வேண்டும். ஒருவர் எதிரி, ஒருவர் தன் ஆள். யார் எது?

இக்னாட்ஸின் முகத்தைப் பார்த்தாள். தபால் பெட்டி மாதிரி இருந்தது. குவிரினின் முகம் ஞாயிற்றுக்கிழமை முகமாகவே இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர்கள் சீட்டைப் பார்த்திருக்கிறாள், முகத்தைப் பார்க்கத் தேவை வந்ததில்லை. நம்பலாம் போன்ற முகமாக இருந்ததால் இக்னாட்ஸ்தான் தன் ஆள் என்று முடிவு செய்தாள். காலமெல்லாம் தபால் கொண்டு வந்து கொடுத்தவர், துரோகம் செய்யமாட்டார் என்று ஒரு நினைப்பு.

மூன்றாவது சுற்றில் இக்னாட்ஸ் பெரிய துருப்பொன்றை இறக்கினார். அந்தச் சுற்று அவருக்குத்தான். இதயம் போட்ட ஆட்டின் சீட்டு எல்லாமே துருப்பு என்பதால் புர்கியும் ஆட்டின்தான் போட வேண்டும். கையில் ஆட்டின் ஏழும் இருந்தது, பத்தும் இருந்தது. ஏழுக்கு மதிப்பு சுழியம். பத்துக்குப் பத்துப் புள்ளி. தன் ஆளுக்குப் போகிற சுற்றில் கொழுத்ததைப் போடு என்பதுதான் ஆட்டத்தின் பாலபாடம். பெருந்தன்மையோடு பத்தை வைத்தாள். வைத்துவிட்டு இக்னாட்ஸைப் பார்த்துப் புன்னகையும் செய்தாள்.

"ரொம்ப நன்றி" என்றார் இக்னாட்ஸ்.

அடுத்த சுற்றிலேயே அவர் கையிலிருந்து இலைப் பன்றி விழுந்தது. கொர்பீனியன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கிழவனையும் அந்தச் சந்தோஷத்திலேயே இறக்கிவிட்டார். எண்ணிப் பார்த்தபோது அவர்கள் ஜெயித்தது எட்டுப் புள்ளி வித்தியாசத்தில்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. குவிரின் மேஜையை அடித்திருந்தார். இரும்புக் கரடி ஒரு துள்ளு துள்ளியது. அந்த மனிதர் குரலை உயர்த்தி ஊரில் யாரும் கேட்டதில்லை.

"ஏய் புர்கி, உனக்குக் கண்ணு எங்க இருக்கு, முதுகுலயா? அவன் மூணாவது சுத்துல துருப்பு இழுக்குறான். யாரு இழுப்பா? கூட்டாளிதான் இழுப்பான். பச்சப்புள்ளைக்கும் தெரியும். அவனுக்குப் போயி பத்தத் தூக்கித் தாரவாக்குற?"

"எனக்கெப்படித் தெரியும்? சீட்டோட முதுகுதானே தெரியுது" என்றாள் புர்கி. குரல் அவளுக்கும் ஏறிவிட்டது.

"எங்களுக்கு மட்டும் மூஞ்சியா தெரியுது?"

"முப்பது வருஷம் நின்னு பாத்தவ, நல்லா ஆடுவான்னு பயந்துல்ல போனேன் நான்" என்றார் கொர்பீனியன். "மாட்டு வியாபாரியே தேவல."

"நீ பேசாத. கிழவன அடைகாத்த வாயி."

"பாரு, எட்டு சீட்டு பிடிக்கத் தெரியல, வாயப் பாரு."

"நீங்க மூணு பேரும் ஆடின கூத்தெல்லாம் நான் வெளிய சொன்னா ஊரு தாங்காது. தொண்ணூத்தெட்டுல, அந்த இடி இடிச்ச அன்னைக்கு, இக்னாட்ஸ், நீ மணிப் பன்றிய கையிலயே வெச்சுக்கிட்டு..."

"ஏய், ஏய்" என்றார் இக்னாட்ஸ். "அதெல்லாம் செத்துப்போன கதை."

"பிளாசி உன்மேல சந்தேகப்பட்டே செத்தாரு."

அப்புறம் முதலில் சிரித்தவர் குவிரின். அடித்த கையை நீவிவிட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பச்சை மெத்தையைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த மனிதர்கள் இத்தனை வருஷமும் அவளிடம் தயவுசெய்து, நன்றி, பார்த்துப் போ என்ற மூன்று சொற்களுக்கு மேல் செலவழித்ததில்லை. தங்களுக்குள் கழுதை, மாடு, மரமண்டை என்று பேசிக்கொள்கிறவர்கள், அவள் வந்து நின்றதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். இன்று யாரும் பொத்தானைப் போடவில்லை. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, அதே சமயம் இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தோம் என்று யோசித்தும் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

"புர்கி, இங்க மூணு குவளை" என்று பின்னாலிருந்து யாரோ பழக்கத்தில் கூப்பிட்டார்கள்.

கால் எழுந்தது. கொர்பீனியன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"எங்க போற? தோத்துட்டு நழுவலாம்னு பாத்தியா? சீட்டக் கல." பிறகு பின்பக்கம் திரும்பி, "மார்லீஸக் கூப்பிடுங்கய்யா. இவ வேலையா இருக்கா" என்று கத்தினார்.

புதிதாகப் பரிமாற வந்திருந்த மார்லீஸ் வந்தபோது ஒரு குவளையைப் புர்கி முன்னாலும் வைத்தாள். இங்கே தன் முன்னால் ஒரு குவளை வைக்கப்படுவது புர்கிக்கு இதுதான் முதல் தடவை. நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இக்னாட்ஸ் அவள் கூடையிலிருந்து முள்ளங்கியை எடுத்துத் தின்ன ஆரம்பித்திருந்தார், கேட்காமலே.

*

ஆறு மணிக்குப் போன் அடித்தபோது புர்கி அன்றைக்கு ஏழாவதோ எட்டாவதோ தடவையாகத் தோற்றுக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். கையில் சீட்டு.

"அம்மா, என்ன முடிவு பண்ணின?"

"இருடா." ஒரு சீட்டை இறக்கினாள். எதிரிலிருந்து குவிரின், "அடக் கடவுளே, மறுபடியுமா" என்று தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கு மூளைன்னு ஒண்ணக் கொடுத்தாரா இல்லையா அந்தக் கர்த்தர்?"

"என்னம்மா சத்தம்? யாரோ திட்டுற மாதிரி இருக்கு."

"ஆமாடா, என்னத்தான் திட்டுறாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

பென்னோவின் குரல் மாறியது. "அம்மா, என்னாச்சு? எங்க இருக்க? நான் வரட்டுமா?"

"வேணாம்டா. நான் உக்காந்திருக்கேன்" என்றாள் புர்கி.

விடுதியின் பின்னறையில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பிள்ளை அவன். கதவிடுக்கு வழியாகத் தன் அம்மா நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவன்.

"எந்த மேஜையில?" என்று கேட்டான்.

"கரடி மேஜையில."

பென்னோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அப்ப வீட்டுக்காரர்கிட்ட ரூம் வேணாம்னு சொல்லிடுறேன்" என்றான்.

"சொல்லிடு. பசங்கள லீவுக்கு இங்க அனுப்பு. அடுத்த ஞாயிறும் இவங்க என்னத் திட்டணும்டா, நான் வராம எப்படி?"

"பேச்ச நிறுத்திட்டு சீட்டப் போடுறியா இல்லையா?" என்றார் கொர்பீனியன்.

"போடுறேன், இரு" என்று புர்கி போனை வைத்துவிட்டு, கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தாள். கிழவன் இந்தத் தடவை அவளிடம் வந்திருந்தது. உடனே போட மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று ஓரத்தில் செருகிக்கொண்டு, ஒரு சின்னச் சீட்டை இறக்கினாள்.